ராத்தல் கணக்கு

வடசென்னைத் துறைமுகம், யார்டு, ஆலைத் தொழிலாளர் சங்கங்களின் கிளைச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தோழர்களே,

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் ஒன்பது வருடம் டேலி எழுதினேன். உள்ளே வரும் லாரியின் பெட்டி எண், சீல் எண், எடைச்சீட்டு எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து நான் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி நகரும். இப்போது காலடிப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மே தின நோட்டீசும் போனஸ் நோட்டீசும் என் கடையில்தான் நகல் எடுக்கிறீர்கள். இந்த முறை நகல் எடுக்க வேண்டிய தாளை நானே எழுதியிருக்கிறேன். காசு வேண்டாம்.

போன வாரம் ஒரு தம்பி கடைக்கு வந்தான். கப்பலில் பெட்டிகளைக் கம்பி போட்டு இறுக்கும் லாஷிங் கேங்கில் இருந்தவன். வயது 23. ஒரு கட்டு மருத்துவச் சீட்டைக் கொடுத்து மூன்று நகல் கேட்டான். நகல் எடுப்பவன் அடுத்தவர் சீட்டைப் படிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் முதல் தாளிலேயே கண் நின்றுவிட்டது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, நான்காம் நிலை. ஏழு வருடத்துக்கு முன்னால் என் சீட்டில் இருந்த அதே வரி.

மூன்று கீமோ ஊசி முடிந்ததாம். நான்காவது இந்த வாரம். அதற்கும் ஐந்தாவது ஊசிக்கும் நடுவே ஒரு பெட் ஸ்கேன் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது அவனை லாஷிங்கிலிருந்து எடுத்து டேலி ஷெட்டில் உட்கார்ந்து பார்க்கும் வேலையில் போட்டிருக்கிறார்கள். வராவிட்டால் கூலி இல்லை என்பதால் ஊசி போடாத நாளெல்லாம் போகிறான். சூப்பர்வைசர் சொன்னாராம்: "ஊசிக்கு மாசம் ரெண்டு நாள் வுட்டாச்சு. போட்டோ புடிக்க வேற லீவா? எல்லாம் முடிஞ்சப்புறம் மொத்தமா எடுத்துக்கோ." அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டிருக்கிறது. "ஊசி போட்டாதானே வைத்தியம், படம் எடுத்தா கட்டி கரையுமா அண்ணே?" என்று என்னிடமே கேட்டான்.

ஏழு வருடத்துக்கு முன்னால் நானும் இதே கேள்வியைக் கேட்டேன். சரியான பதில் எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. அந்தப் பதிலை அவனிடம் மட்டும் சொன்னால் போதாது, ஷிப்ட் போடுகிறவர்களிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் வியாதியைப் பற்றிச் சில வார்த்தை. காலில் அடிபட்டால் தொடையிடுக்கில் நெறிகட்டும், பல் வீங்கினால் தாடைக்குக் கீழே நெறிகட்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த நெறிகளில் வருகிற புற்றுநோய் இது. லண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற மருத்துவர் 1832இல் இதை எழுதிவைத்தார். பெரும்பாலும் வாலிபத்தில் வரும். எனக்குக் கழுத்தில் வலியில்லாத ஒரு கட்டி, சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரியில் பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு வியர்வை, நான்கு மாதத்தில் பதினொரு கிலோ குறைவு.

இந்த நான்கையும் சொன்னால் நம் பகுதியில் யாராக இருந்தாலும் டி.பி. என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்க்காமலேயே நான்கு மாதம் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். எந்த இடத்தில் என்று நான் எழுதப் போவதில்லை. இது ஒரு இடத்தில் மட்டும் நடக்கிற தவறும் இல்லை. டி.பி. இவ்வளவு இருக்கிற ஊரில் முதல் சந்தேகம் அதன்மேல் விழுவது இயல்பு. ஆனால் மாத்திரை தொடங்கியும் கட்டி கரையாமல் வளர்ந்தால், அந்த இடத்தில் நின்று "பயாப்ஸி எடுத்தாச்சா?" என்று கேட்க வேண்டும். மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது இந்த வியாதிக்குப் பல நேரம் போதாது. கட்டிக்குள் புற்றணுக்கள் மிகச் சில. அவற்றைச் சுற்றி நிற்பதெல்லாம் சாதாரண அணுக்கள். தேர்த் திருவிழாவில் ஒரு ஜேப்படிக்காரனைத் தேடுவது மாதிரி. நெறியை முழுசாக எடுத்துப் பார்த்தால்தான் ஆள் சிக்குவான்.

இன்னொன்று. நான்காம் நிலை என்றதும் நம் ஆட்கள் வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போகிறார்கள். என் அம்மாவிடம் ஒருவர் திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்கு வேண்டிக்கொண்டு வைத்தியத்தை நிறுத்திவிடச் சொன்னார். அம்மா வேண்டிக்கொண்டாள், வைத்தியத்தை நிறுத்தவில்லை. மற்றப் புற்றுநோய்களில் நான்காம் நிலை என்றால் என்னவோ, இதில் அது இல்லை. நான்காம் நிலையிலும் பெரும்பாலானவர்கள் முழுதாகக் குணமாகும் வியாதி இது.

மருந்து நான்கு. நான்கின் முதல் எழுத்தையும் சேர்த்து ஏ.பி.வி.டி. என்பார்கள். இத்தாலியில் மிலான் நகரத்து மருத்துவர் போனடோனாவின் குழு 1975இல் இதை வெளியிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் பன்னிரண்டு முறை, அதாவது ஆறு மாதம். முதல் மருந்து ரத்தம் போலச் சிவப்பு. அன்று சிறுநீரும் சிவப்பாகத்தான் போகும், பயப்படக் கூடாது. மூன்றாவது மருந்து வின்பிளாஸ்டின். அது நம் சுடுகாட்டு ஓரத்திலும் கோயில் நந்தவனத்திலும் பூக்கிற நித்தியகல்யாணியில் இருக்கிற சரக்கு. சர்க்கரை வியாதிக்கு ஆகுமா என்று அந்த இலையைக் கனடாவில் ஆராய்ந்தபோது, அது வெள்ளை அணுக்களைக் குறைப்பதைக் கண்டு, 1958இல் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். நான்காவது மருந்துக்கு வெளிச்சம் ஆகாது. பாட்டிலைக் கறுப்பு உறை போட்டு மூடித்தான் தொங்கவிடுவார்கள்.

இரண்டாவது மருந்தை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். அதன் பெயர் பிளியோமைசின். ஜப்பானில் ஹமாவோ உமேஸாவா 1960களில் ஒரு மண் நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. ரத்தம் குறைவதற்கு இதன்மேல் அதிகம் பழி சொல்ல முடியாது. ஆனால் இது நுரையீரலைப் பிடிக்கும். எல்லாரையும் பிடிக்காது, பிடித்தால் சிலருக்கு உயிரும் போகும். ஏறிய அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும்.

இப்போது ஸ்கேனுக்கு வருகிறேன்.

நாம் எடைமேடை பார்த்தவர்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பில்லில் எழுதியிருந்தாலும், மேடையில் ஏற்றி எடை பார்க்காமல் கப்பலில் ஏற்ற மாட்டோம். அதிகம் ஏற்றினால் அச்சு முறியும். குறைத்து ஏற்றினால் வாடகை நஷ்டம். ரொம்ப காலம் ஹாட்ஜ்கின் வைத்தியத்தில் எடைமேடை கிடையாது. உடம்பு மருந்துக்கு எப்படிப் பணிகிறது என்று நடுவில் சரியாகத் தெரிந்துகொள்ள வழி இல்லாததால், முற்றிய நோய் என்றால் எல்லாருக்கும் ஒரே மருந்துச் சுமை. சாதாரண சி.டி. ஸ்கேன் கட்டியின் அளவைச் சொல்லும். அதற்குள் உயிர் இருக்கிறதா, செத்த தழும்பா என்று சொல்லாது.

பெட் ஸ்கேன் அதைச் சொல்கிறது. சர்க்கரையில் கொஞ்சம் கதிரியக்கத்தைக் கோத்து ஊசியில் ஏற்றுவார்கள். உயிரோடிருக்கும் புற்றணு சர்க்கரையை ஆலாய்ப் பறந்து தின்னும்; தின்ற இடம் படத்தில் விளக்குப் போட்டதுபோல் எரியும். இத்தாலியிலும் டென்மார்க்கிலும் 260 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2007இல் வந்த ஆய்வு எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. இரண்டு மாத ஏ.பி.வி.டி.க்குப் பிறகு எடுத்த படத்தில் விளக்கு அணைந்திருந்தவர்களில் 100க்கு 95 பேர் இரண்டு வருடம் கழித்தும் நோய் தலைகாட்டாமல் இருந்தார்கள். விளக்கு எரிந்தவர்களில் 100க்கு 13 பேர்தான். தொடக்கத்தில் நோய் எவ்வளவு பரவியிருந்தது என்பதைவிட, இரண்டாம் மாதப் படம் அதிகம் சொன்னது.

ஆனால் எது எரிகிறது, எது அணைந்தது என்பதில் படம் பார்க்கிறவர்களுக்குள்ளேயே தகராறு இருந்தது. 2009இல் பிரான்சில் டோவில் என்ற கடற்கரை ஊரில் கூடி ஒரு ஐந்து படி அளவை போட்டார்கள். கட்டியின் வெளிச்சத்தை நோயாளியின் கல்லீரல் வெளிச்சத்தோடு ஒப்பிட வேண்டும். கல்லீரலைத் தாண்டாவிட்டால் ஒன்று, இரண்டு, மூன்று: அணைந்தது. தாண்டினால் நான்கு, ஐந்து: எரிகிறது. யார் பார்த்தாலும் ஒரே தராசு. ஸ்கேன் அறிக்கையில் டோவில் என்று எழுதி ஒரு எண் போட்டிருப்பார்கள். உங்களிடம் யாராவது அறிக்கையைக் கொண்டுவந்தால் அந்த எண்ணைத் தேடுங்கள்.

அளவை கிடைத்ததும் அடுத்த கேள்வி வந்தது: அணைந்தவர்களுக்குச் சுமையைக் குறைக்கலாமா, எரிகிறவர்களுக்குக் கூட்ட வேண்டுமா? இதற்குப் பதில் தேடிய பெரிய ஆய்வின் பெயரைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அதன் ஐந்து ஆங்கில எழுத்துகளையும் சேர்த்துப் படித்தால் ராத்தல். நம் தாத்தாக்கள் சரக்கு நிறுத்த அதே ராத்தல். பிரிட்டன், இத்தாலி, ஆஸ்திரேலியா என்று பல நாடுகளில் 1,200 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். 2016இல் முடிவு வந்தது. இரண்டு மாதத்தில் 100க்கு 84 பேருக்கு விளக்கு அணைந்துவிட்டது. அவர்களைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நான்கு மருந்தையும் தொடர்ந்தார்கள்; மறு பாதிக்குப் பிளியோமைசினை மட்டும் நிறுத்தினார்கள். மூன்று வருடத்தில் நோய் திரும்பாதவர்கள் முதல் பாதியில் 85.7 சதவீதம், இரண்டாம் பாதியில் 84.4 சதவீதம். உயிரோடிருந்தவர்கள் 97.2, 97.6. நுரையீரல் தொல்லை இரண்டாம் பாதியில் குறைவு.

டேலி எழுதியவன் என்பதால் இன்னொரு கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆய்வாளர்கள் தொடங்கும்போதே ஒரு எல்லைக் கோடு போட்டிருந்தார்கள்: மருந்தைக் குறைப்பதால் வரக்கூடிய நஷ்டம் இதற்குமேல் போகக் கூடாது என்று. புள்ளியியல் கணக்கில் அந்தக் கோட்டை முடிவு ஒரு மயிரிழை உரசியது. அதனால் பிளியோமைசினை நிறுத்துவது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியமில்லை. நோயாளியின் நுரையீரலையும் வயதையும் பார்த்து மருத்துவர் எடுக்கிற முடிவு. முடிவெடுக்க அவர் கையில் படம் இருக்க வேண்டும்.

எரிந்தவர்கள் கதை வேறு. அவர்களுக்கு பீக்காப் என்ற கனமான கூட்டு மருந்தைக் கொடுத்தார்கள். அதைக் கொடுத்ததும் மூன்றில் இரண்டு பேருக்கு மூன்று வருடம் நோய் அடங்கியது. பழைய மருந்தையே தொடர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை 2007 கணக்கு சொல்கிறது. ஜெர்மனிக்காரர்கள் எதிர்த் திசையிலிருந்து வந்தார்கள். அவர்கள் வழக்கம் எடுத்த எடுப்பிலேயே பீக்காப். 2017இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், இரண்டு சுற்றுக்குப் பிறகு விளக்கு அணைந்தவர்களுக்கு ஆறு, எட்டுச் சுற்று தேவையில்லை, நான்கோடு நிறுத்தலாம் என்று தெரிந்தது. குறைத்தவர்கள் ஒன்றும் இழக்கவில்லை.

இதெல்லாம் சீமைக் கதை, நமக்கு ஆகுமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கி, டாக்டர் சாந்தா வாழ்நாள் முழுதும் கட்டிக் காத்த அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இதே வழியைச் சோதித்தார்கள். ராத்தல் முடிவு வருவதற்கு ஒரு வருடம் முன்னாலேயே, 2015இல், அது ஒரு சர்வதேசப் புற்றுநோய் இதழில் வந்துவிட்டது. முற்றிய நோயுள்ள 50 பேர். முதலில் ஏ.பி.வி.டி. இரண்டு மாதம், பிறகு பெட் ஸ்கேன். அணைந்தவர்களுக்கு அதே மருந்து. எரிந்தவர்களுக்கு மட்டும் பீக்காப். ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத்தான் அந்தக் கனமான மருந்து தேவைப்பட்டது. மருந்தைக் கூட்டியும் அவர்கள் மற்றவர்கள் அளவுக்குத் தேறவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. ஆனால் சென்னையின் நோயாளிகளை வைத்து, சென்னையின் வசதியில், இதைச் செய்ய முடியும் என்று காட்டியது அந்த ஆய்வு.

சென்னைக்கு இது புதிய பழக்கமும் இல்லை. டி.பி. வந்தால் ஒரு வருடம் சானடோரியத்தில் படுக்க வேண்டும் என்று உலகமே நம்பிய காலத்தில், சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய டி.பி. ஆய்வு மையம், நெரிசலான ஏழை வீடுகளில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களைச் சானடோரியத்தில் இருந்தவர்களோடு ஒப்பிட்டது. 1959இல் வந்த முடிவு: வீட்டிலிருந்தவர்களும் அதே அளவுக்குத் தேறினார்கள், வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை. அதற்குப் பிறகுதான் உலகம் டி.பி. நோயாளியை வீட்டுக்கு அனுப்பியது. தேவைக்குமேல் சுமத்தாதே, ஆனால் கணக்குப் பார்த்து இறக்கு என்பது இந்த ஊர் உலகத்துக்குச் சொன்ன பாடம்.

இனி என் கதை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

எனக்கும் நான்காவது ஊசிக்குப் பிறகு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். அந்த வாரம் யார்டில் பெட்டி குவிந்து கிடந்தது. துறைமுகத்தின் ஜீரோ கேட்டிலிருந்து பின்னால் லாரி வரிசை. போனால் திரும்பி வர வேண்டாம் என்றார்கள். ஸ்கேனுக்குக் கையில் காசும் இல்லை. மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது 2021 பிப்ரவரியில். அதற்கு முன்னால் பஸ் மாறி மாறித்தான் போக வேண்டும். படம்தானே, அப்புறம் எடுக்கலாம் என்று நானே முடிவு செய்து, மருத்துவரிடம் தேதி கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது என்பதால் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று நான்கு மருந்தும் ஏறியது. நான்காம் மாதம் காசு புரட்டிப் படம் எடுத்தேன். சுத்தம். வீட்டில் கேசரி கிண்டினார்கள்.

மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை. வறட்டு இருமல் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். யார்டுப் புழுதி என்றேன். நெஞ்சு சி.டி. எடுத்துப் பார்த்துவிட்டு அன்றே பிளியோமைசினை நிறுத்தினார், ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினார். மீதி மருந்தோடு பன்னிரண்டும் முடிந்தது. வியாதி போனது, இன்றுவரை வரவில்லை. மூச்சு முழுசாகத் திரும்பவில்லை. திருவொற்றியூர் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தை ஒரே மூச்சில் ஏற முடியாது, நடுவில் நின்று தண்டவாளத்தைப் பார்ப்பேன். இரண்டாம் மாதமே படம் எடுத்திருந்தால் அன்றைக்கே சுத்தமாக வந்திருக்குமா, மருந்தை நிறுத்தியிருப்பார்களா, நுரையீரல் தப்பியிருக்குமா என்று இனி யாரும் அடித்துச் சொல்ல முடியாது. எடை பார்க்காமல் ஏற்றிய சரக்கு அது. லீவு போடாமல் காப்பாற்றிய வேலை இருமல் வந்த மூன்றாம் மாதம் போய்விட்டது.

இதைச் சொன்னதும் சிலர் ஒரு யோசனை சொல்வார்கள்: எண்ணூர் அனல்மின் சாம்பலும் மணலி ஆலைப் புகையும்தான் உன்னைக் கெடுத்தது, உன் படத்தைப் போட்டுப் போஸ்டர் அடிக்கலாம் என்று. வேண்டாம் தோழர்களே. இந்த வியாதிக்கும் சாம்பலுக்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை. எப்ஸ்டீன் பார் என்ற வைரசுக்கும் இதற்கும்தான் தொடர்பு தெரிகிறது. நமக்கு வழக்கு இல்லாமல் இல்லை. 2023 டிசம்பரில் எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து வலையையும் வீட்டையும் பூசியது; அதே மாதம் 26ஆம் தேதி ராத்திரி அமோனியா கசிந்து பெரியகுப்பம் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவற்றுக்குச் சாட்சி இருக்கிறது. சாட்சி இல்லாத என் கட்டியை அவற்றோடு சேர்த்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குத்தான் லாபம். நம் நுரையீரல் ஏற்கெனவே புழுதி தின்றது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அதோடு பீடி சிகரெட் கணக்கையும் சொல்லுங்கள். பிளியோமைசின் முடிவுக்கு அது வேண்டும்.

ஸ்கேனைத் தெய்வ வாக்காகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டி.பி. கிருமி இருக்கும் நெறியும், சளி பிடித்த நெஞ்சும் அதே மாதிரி எரியும். எரிகிறது என்று வந்தால், கனமான மருந்துக்குப் போவதற்கு முன் இது வேறு ஏதாவதா என்று கேட்கலாம், தேவைப்பட்டால் மறுபடி சதை எடுத்துப் பார்ப்பார்கள். அணைந்தது என்று வந்தாலும் சிலருக்கு நோய் திரும்பும். திரும்பினாலும் வைத்தியம் உண்டு. 2024இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் நிவோலுமாப் என்ற எதிர்ப்பாற்றல் மருந்தை, பிளியோமைசின் நீக்கிய கூட்டோடு தொடக்கத்திலேயே சேர்த்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். அந்த மருந்தின் விலை நமக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அது இறங்கும்வரை, நம் கைக்கு எட்டுகிற மலிவான புத்திசாலித்தனம் இந்த இரண்டாம் மாதப் படம்தான்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது.

முதலாவது, தேதி. அந்தப் படத்துக்குப் பொருந்துகிற நாட்கள் நான்காவது ஊசிக்கும் ஐந்தாவது ஊசிக்கும் இடையில் உள்ள பதினான்கில் கடைசிச் சில நாட்களே. அந்தச் சர்க்கரை மருந்தையும் சேமித்துவைக்க முடியாது. 110 நிமிடத்துக்கு ஒரு தரம் பாதியாகக் குறையும். காசிமேட்டில் ஐஸ் இல்லாமல் இறக்கிய மீனைப்போல. ஆள் வராவிட்டால் அன்றைய சரக்கு வீண், அடுத்த தேதிக்கு ஊசி காத்திருக்காது. எனவே கான்ட்ராக்டர்களோடு பேசும்போது ஊசி நாளோடு ஸ்கேன் நாளையும் கூலி பிடிக்காத நாளாக எழுதி வாங்குங்கள். ஆறு மாதத்தில் ஒரே ஒரு நாள் கூடுதல். வெறும் வயிற்றோடு போக வேண்டும், சர்க்கரை ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருக்க வேண்டும், அன்றைக்குக் கர்ப்பிணிகளிடமும் கைக்குழந்தையிடமும் ஒட்டாமல் இருக்க வேண்டும். அரைநாள் பர்மிஷனில் முடிகிற காரியமில்லை.

இரண்டாவது, இ.எஸ்.ஐ. 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்கள் அதற்குள் வருவார்கள். புற்றுநோய்க்கு நீட்டித்த நோய்க்காலப் பணம் உண்டு, கூலியில் 80 சதவீதம். ஆனால் இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்ததாகக் கணக்கு வேண்டும். கான்ட்ராக்டர் வருடத்துக்கொரு பெயர் மாற்றிக்கொள்ளும்போது உடைவது அந்தத் தொடர்ச்சிதான். போனஸுக்குச் சண்டை போடுகிற வேகத்தில் பாதியையாவது இதற்குப் போடுங்கள். அந்தத் தம்பியின் கணக்கு எங்கே அறுந்திருக்கிறது என்று யாராவது ஒருவர் உட்கார்ந்து பாருங்கள். அது ஒட்டினால், கீமோ ஏறிய உடம்போடு அவன் யார்டுக்கு வர வேண்டியதில்லை.

மூன்றாவது, இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. வைத்தியம் தொடங்கும் நாளிலேயே காப்பீட்டுக் கவுன்டரில் நின்று, நடுவில் எடுக்கும் பெட் ஸ்கேனும் இதில் அடங்குமா, இல்லையென்றால் எந்த அரசு மருத்துவமனையில் குறைந்த செலவில் எடுக்கலாம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான்காவது ஊசிக்குப் பிறகு கேட்டால் நேரம் போதாது. மீதித் தொகைக்குச் சங்க நிதியில் ஒரு சிறு கடன் தலைப்பைத் திறவுங்கள்.

நான்காவது, கூச்சப்படுகிற விஷயம். பீக்காப் போன்ற கனமான மருந்து பிள்ளை பெறும் சக்தியைக் கெடுக்கலாம். கல்யாணமாகாத பையன் இதை வாய்விட்டுக் கேட்க மாட்டான். வைத்தியம் தொடங்கும் முன்பே விந்தணுவைச் சேமித்துவைக்க வழி உண்டா என்று மருத்துவரிடம் கேள் என்று ஒரு அண்ணனாக நீங்கள் சொல்லிவிடுங்கள். பெண் தோழர்கள் கருமுட்டை பற்றிக் கேட்க வேண்டும்.

1923இல் சென்னைக் கடற்கரையில்தான் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். எட்டு மணி நேரம் என்று அவர் கேட்டபோதும் முதலாளிகள் சரக்கு நிற்கும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நான் கேட்பது ஆறு மாதத்தில் ஒரே ஒரு நாள்.

தம்பியின் ஸ்கேன் வருகிற 19ஆம் தேதி, காலை ஏழு மணி. டேலி ஷெட்டில் அவன் இடத்தில் அன்று யார் உட்காருகிறார்கள் என்று சூப்பர்வைசர் கேட்கிறார். ஆள் அகப்படாவிட்டால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். படி ஏறாத வேலைதான். பெட்டி எண்ணும் சீல் எண்ணும் ஒத்துப் பார்க்க எனக்கு இன்னும் மறக்கவில்லை. கேட் பாஸ் மட்டும் வாங்கிக் கொடுங்கள். கடையை மனைவி பார்த்துக்கொள்வாள்.

தோழமையுடன்,
காலடிப்பேட்டை ஜெராக்ஸ் கடைக்காரன்